‘ஐ’ படத்தில் ஓஸ்மா: ஒரு கேலி திரையை விட்டுத் தெருவுக்கு வரும் கதை

2015 பொங்கலுக்கு, ஜனவரி 14 அன்று, ஷங்கர் இயக்கிய ‘ஐ’ வெளியானது. அந்த வாரக் கடைசியில் மாலைக் காட்சிக்குப் போனேன். அரங்கு நிறைந்திருந்தது. ஓஸ்மா என்ற ஒப்பனைக் கலைஞர் திரையில் வந்ததுமே, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, முன்வரிசையிலிருந்து விசில் பறந்தது. நாயகனும் அவன் நண்பனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தானம் முகத்தைச் சுளித்தார். அரங்கே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்றைக்கு அது எனக்கு உறுத்தவே இல்லை. அதனால்தான் இந்த நிகழ்வைத் திரும்ப எடுத்து, எது எங்கே நடந்தது என்று நிதானமாகப் பார்க்க நினைக்கிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். விக்ரம் நடித்த லிங்கேசன் வடசென்னையைச் சேர்ந்த உடற்கட்டு வீரன். விளம்பர மாடலாக இருக்கும் தியாவின் தீவிர ரசிகன். ஒரு கட்டத்தில் அவளோடு சேர்ந்து ‘லீ’ என்ற பெயரில் மாடலாகிறான். அவனை அப்படி மாற்றி அமைக்கும் ஒப்பனைக் கலைஞர்தான் ஓஸ்மா, ஒரு திருநங்கை. தொழிலில் முன்னணியில் இருப்பவர். அவருக்கு லீயின் மேல் காதல் வருகிறது. அவன் அருவருப்போடு விலகுகிறான். காதல் மறுக்கப்பட்ட ஓஸ்மா, லீயை அழிக்க நினைக்கும் கூட்டத்தில் சேர்கிறார். அவன் உடலை உருக்குலைக்கும் வைரஸை ஏற்றுகிறார்கள். பிறகு அவன் ஒவ்வொருவராகத் தேடிப் போய் அவர்கள் உடலை உருக்குலைக்கிறான். ஓஸ்மாவும் அதில் ஒருவர்.

ஓஸ்மாவாக நடித்தவர் ஓஜஸ் ரஜனி. மும்பைத் திரையுலகில் நிஜமாகவே ஒப்பனைக் கலைஞர், நிஜமாகவே திருநங்கை. படம் வந்த பிறகு நடந்த வாதத்தில் இந்தத் தகவல் முக்கியமானது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

படம் வெளியான நாட்களிலேயே எதிர்ப்பு கிளம்பியது. சென்னையில் திருநங்கையரும் அவர்களோடு நிற்பவர்களும் போராட்டம் நடத்தினார்கள். தணிக்கை வாரியம் இதை எப்படி அனுமதித்தது என்று கேட்டார்கள். லிவிங் ஸ்மைல் வித்யா இயக்குநருக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அவர் யார் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தன் வாழ்க்கையை ‘நான், சரவணன் வித்யா’ என்ற நூலாகத் தமிழில் எழுதியவர், நாடகக் கலைஞர், சினிமாவில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர். ஒரு காட்சி எப்படி எழுதப்படுகிறது, ஒரு ஷாட் எதற்காக வைக்கப்படுகிறது என்று அறிந்தவர் கேட்ட கேள்வி அது. அதே 2015இல், அவருடைய நூலை ஒட்டி எடுக்கப்பட்ட கன்னடப் படம் ‘நானு அவனல்ல அவளு’ தேசிய விருது வாங்கியது. வித்யாவின் வாழ்க்கைக்குப் பக்கத்து மாநில மொழியில் விருது கிடைத்த நேரத்தில், அவர் பிறந்த மொழியின் மிகப்பெரிய படம் அவரைப் போன்ற ஒருவரை வில்லியாக்கி, கேலிப்பொருளாகவும் ஆக்கியிருந்தது.

காலத்தையும் கவனிக்க வேண்டும். படம் வருவதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. தன் பாலினத்தைத் தானே உணர்ந்து அறிவித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, அதற்கு அறுவை சிகிச்சை நிபந்தனை கிடையாது என்றது அந்தத் தீர்ப்பு. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் 2008லேயே வந்துவிட்டது. அதே ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் ரோஸ் வெங்கடேசன் என்ற திருநங்கை ‘இப்படிக்கு ரோஸ்’ நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். ‘திருநங்கை’ என்ற சொல் கருணாநிதி ஆட்சிக் காலத்தில் அரசு ஏடுகளில் ஏறி, செய்தித்தாள்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதாவது ‘தெரியாமல் எடுத்துவிட்டார்கள்’ என்று சொல்ல இடமில்லை. தெரிந்துகொள்ள வேண்டியதெல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

படத்தின் பக்கம் நின்றவர்கள் சொன்னதைப் பொதுவாக மூன்றாகப் பிரிக்கலாம். நம்ம காமெடியில் எல்லாரையும்தான் கலாய்க்கிறோம், வழுக்கையை, தொப்பையை, கறுப்பை, பல்லை, இவர்களுக்கு மட்டும் என்ன விலக்கு? நடித்தவரே திருநங்கை, அவருக்கே வலிக்காதது உங்களுக்கு ஏன் வலிக்கிறது? கடைசியாக, இது கதைதானே.

கடைசி வாதத்தில் நேரம் செலவிட வேண்டாம். கதை என்பதால்தான் அது இவ்வளவு பேருக்குள் போகிறது.

இரண்டாவது வாதம் கனமானது. ஓஜஸ் ரஜனி ஒரு நடிகராக அந்த வேடத்தை ஏற்றார். அது அவர் உரிமை. அவரைக் குறைசொன்ன சிலரின் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. திருநங்கைக் கலைஞர்களுக்குப் பெரிய படத்தில் வாய்ப்பே வராத நாட்டில், வந்த வாய்ப்பை மறுத்திருக்க வேண்டும் என்று யாரும் அவரிடம் கேட்க முடியாது. ஆனால் அவர் சம்மதித்தது தன் வேடத்துக்கு மட்டும். எதிரே நின்றவர்களின் முகச்சுளிப்பையும், அவர்கள் பேசிய வசனத்தையும், அதற்கு விழும் சிரிப்பையும் எழுதியவர் அவரல்ல. அந்தப் பாத்திரத்துக்கு வந்த வலியும் பழியும் அவருக்கு. அதைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நாயகனுக்கும் நண்பனுக்கும். எழுத்திலேயே பாகம் பிரித்தாகிவிட்டது.

முதல் வாதத்தைத்தான் நான் பல நாள் நம்பினேன். கவுண்டமணி காலத்திலிருந்து நம் நகைச்சுவை ஆளைப் பார்த்து அடிப்பதுதான், அதை ரசித்து வளர்ந்தவன் நான். சந்தானத்தின் கவுண்டர் வசனங்கள் அந்த வழியில் வந்தவை. ஆனால் வழுக்கையைக் கலாய்க்கும்போது, வழுக்கைத் தலையர் ஒரு மனிதரா என்ற கேள்வி எழுவதில்லை. அவர் ஆணா என்று யாரும் கேட்பதில்லை. அவர் கேலியைக் கேட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போவார். அங்கே மனைவி சோறு போடுவாள். ஓஸ்மா காட்சியில் கேலியின் எரிபொருளே வேறு: ‘இது என்ன?’ என்ற கேள்வி. பெண்ணைப் போல வந்திருக்கும் இது பெண்ணில்லை என்பது எனக்கும் உனக்கும் தெரியும், திரையில் இருப்பவருக்கு மட்டும் தெரியவில்லை என்ற கூட்டு ரகசியம். அரங்கில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அந்த ரகசியத்தைப் பகிர்ந்துகொண்டதால்தான்.

ஆண் பெண்வேடம் போடுவது நமக்குப் புதிதில்லை. பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்டவர்கள் ஆண்கள்தான். கண்ணீர் விட்டு அவர்களைப் பார்த்திருக்கிறது ஊர். தெருக்கூத்தில் திரௌபதியாக வருபவரைக் கும்பிட்டவர்கள் உண்டு. சினிமாவில் மாறுவேட நகைச்சுவை தனி வகையாகவே வளர்ந்தது. அங்கெல்லாம் வேடம் என்பது எல்லோருக்கும் தெரியும், போட்டவருக்கும் தெரியும். மாட்டிக்கொள்வாரோ என்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. திருநங்கையைக் கேலி செய்யும் காட்சி இந்த வகையின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. ஆனால் அவர் வேடம் போடவில்லை. கலைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒருவர் வாழ்வதை வேடம் என்று சொல்லிச் சிரிப்பதுதான் அங்கே நடப்பது. பாலினம் பற்றிய புரிதல் மாறியது என்கிறோமே, அந்த மாற்றம் சரியாக இந்த இடத்தில்தான் நடக்கிறது. ‘ஆண் பெண்ணாக நடிக்கிறான்’ என்று நினைத்திருந்தவர், ‘இவர் பெண்ணாகத் தன்னை உணர்பவர்’ என்று புரிந்துகொண்ட நொடியில் அந்த ஜோக்குக்கு அடியிலிருந்த பலகை கழன்றுவிடுகிறது. யாரும் தடை போட வேண்டியதில்லை. வேலை செய்யாது, அவ்வளவுதான்.

இதில் தமிழுக்கு ஒரு தனிப் பொறுப்பும் இருக்கிறது. நம் மொழியில் வாயைத் திறந்தாலே திணை வந்துவிடும். ‘அவங்க’ என்கிறோமா, ‘அவன்’ என்கிறோமா, ‘அது’ என்கிறோமா என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்து பெண்மை சுட்டுவோரை உயர்திணையில் வைத்துத்தான் பேசுகிறது. இலக்கணம் அந்தக் காலத்தில் கொடுத்த இடத்தை ‘அது வருது பாரு’ என்று சொல்லி அஃறிணைக்குத் தள்ளியது நம் தெருப்பேச்சு. அலி, உஸ், ஒன்பது. இந்த மூன்றும் எனக்கு ஆறாம் வகுப்புக்குள் தெரிந்துவிட்டன. ‘திருநங்கை’ என்ற சொல்லைக் கேட்டபோது நான் வேலைக்கே போய்க்கொண்டிருந்தேன்.

இனி தெருவுக்கு வருகிறேன். படம் வந்து சில மாதம் கழித்து, தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஒரு திருநங்கை ஏறினார். கைதட்டிக் காசு கேட்டுக்கொண்டே வந்தார். வாசல் பக்கம் நின்ற நாலு கல்லூரிப் பையன்களில் ஒருவன் ‘ஏய் காஞ்சனா’ என்று கத்தினான். இன்னொருவன் ‘ஐ’ படத்தில் அந்த முகச்சுளிப்பு இருக்கிறதே, அதை அப்படியே செய்து காட்டினான். மற்ற இருவரும் சிரித்தார்கள். பெட்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். அவர் நிற்கவில்லை, திரும்பவில்லை. என் பக்கம் வந்தபோது பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, ஏதாவது சொல்ல வேண்டுமே என்று “விடுங்கக்கா, சின்னப் பசங்க” என்றேன். “சின்னப் பசங்கதான் தம்பி. ஒவ்வொரு படத்துக்கும் எங்களுக்கு ஒரு பேரு வைப்பாங்க” என்றார். தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்துவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கிப் போனார்.

அந்தப் பையன் கத்திய பெயர் ‘காஞ்சனா’வாக இருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. 2011இல் வந்த அந்தப் படத்தில் சரத்குமார் ஏற்ற திருநங்கை பாத்திரம் மரியாதையானது. அநியாயமாகக் கொல்லப்பட்டு நியாயம் கேட்டு வருபவள். அரங்கில் அவருக்குக் கைதட்டினார்கள். அப்படியிருந்தும் தெருவில் அந்தப் பெயரும் கூப்பிட்டுக் கேலி செய்யும் பெயராகிவிட்டது. ஆக, நல்லபடியாகக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மை இல்லை. தெருவுக்கு எப்போதும் ஒரு சொல் வேண்டும், சினிமா அதை இலவசமாகக் கொடுக்கிறது. ஆனால் ‘காஞ்சனா’ பெயரை மட்டும்தான் கொடுத்தது. ‘ஐ’ எப்படிக் கேலி செய்வது என்பதையும் சேர்த்துக் கொடுத்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது, நண்பனை எப்படிப் பார்ப்பது, எந்த இடத்தில் சிரிப்பு விழும் என்ற முழுப் பயிற்சியும் அதில் இருந்தது. அந்தப் பையன் வசனமே பேசவில்லை. முகத்தைச் சுளித்ததே போதுமாக இருந்தது.

அதனால்தான் ‘மனம் புண்பட்டது’ என்ற பேச்சு இந்த விஷயத்துக்குப் பொருந்தவில்லை என்று நினைக்கிறேன். யாருக்கு வலித்தது, எவ்வளவு வலித்தது என்று அளந்துகொண்டிருந்தால் வாதம் முடியாது. ‘உனக்கு வலிக்கிறது, எனக்கு வலிக்கவில்லை’ என்பதோடு நின்றுவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அரங்கை விட்டு வெளியே போகும்போது பார்வையாளன் கையில் எதைக் கொடுத்து அனுப்புகிறோம்? யார் மேல் எறிய?

தணிக்கை வாரியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில், இன, மத அல்லது வேறு குழுக்களை இழிவுபடுத்தும் காட்சிகளோ சொற்களோ இடம்பெறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று இருக்கிறது. ‘வேறு குழுக்கள்’ என்பதில் திருநங்கையர் வருவார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. நடைமுறையில் எந்தக் குழுவின் குரல் கேட்கும் என்பது எண்ணிக்கையைப் பொறுத்தது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்துக்கு எதிராக முஸ்லிம் அமைப்புகள் திரண்டபோது, மாநில அரசே அதைத் திரையிட இரண்டு வாரத் தடை போட்டது. பேச்சுவார்த்தை நடந்து சில இடங்களை மாற்றிய பிறகுதான் படம் வெளிவந்தது. அந்தத் தடை சரியா தவறா என்பது தனி வாதம். நான் தடையை ஏற்காதவன். ஆனால் ஒப்பிட்டுப் பாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ‘மற்றவர்’ என்ற பாலினப் பிரிவில் பதிவானவர்கள் 22,364 பேர். உண்மை எண்ணிக்கை அதைவிடப் பல மடங்கு என்று வைத்துக்கொண்டாலும், அவர்களால் ஒரு படத்தின் வசூலை அசைக்க முடியாது. தேர்தல் முடிவையும் அசைக்க முடியாது. அவர்களுக்குப் பயந்து யாரும் காட்சியை வெட்டப் போவதில்லை. ‘ஐ’ ஓடி முடித்தது. விக்ரமுக்கு ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது. உடலை அந்த அளவுக்கு வருத்தி நடித்தவருக்கு அது தகும்.

தடை கேட்பதைவிட அந்தத் திறந்த மடல்தான் பெரிய காரியம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். தடை கேட்டால் பேச்சு அரசோடு. மடல் ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரிடம் நேராகப் பேசுவது. அதைப் படித்த என்னைப் போன்றவர்கள், சிரித்த இடத்துக்கே திரும்பிப் போய்ப் பார்த்தோம்.

அப்புறம் நடந்தவற்றில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பிரித்திகா யாஷினி என்ற திருநங்கை காவல் உதவி ஆய்வாளர் பணிக்குத் தகுதியானவர் என்றது. 2017இல் பணியில் சேர்ந்தார். 2019 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் வரும் ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டில் ‘பேரன்பு’ படத்தில் மம்மூட்டிக்கு இணையாக அஞ்சலி அமீர் என்ற திருநங்கை நடித்தார். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி ஷில்பாவாக வந்தார், தேசிய விருதும் வாங்கினார். ஊரே பாராட்டியது. ஆனால் திருநங்கையர் சிலர் அந்தப் படத்தையும் கேள்வி கேட்டார்கள். குழந்தைகளைத் திருடியதாக ஷில்பா சொல்லும் இடம், திருநங்கையர் மேல் ஊர் கட்டிவைத்திருக்கும் பழியை அப்படியே திரும்பச் சொல்கிறது என்றார்கள். அவ்வளவு அன்போடு எடுத்த படத்தையும் இப்படிக் கேட்க வேண்டுமா என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது நல்ல அறிகுறியாகவே பட்டது. ‘ஐ’ காலத்தில் ‘எங்களைக் கேலி செய்யாதீர்கள்’ என்று கேட்க வேண்டியிருந்தது. நாலு வருஷத்தில் ‘எங்களை எழுதுவதென்றால் சரியாக எழுதுங்கள்’ என்று கேட்கும் நிலை வந்துவிட்டது.

அதே 2019இல் நாடாளுமன்றம் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. வாய்மொழியாகவும் மனரீதியாகவும் துன்புறுத்துவது குற்றம் என்கிறது, பாலியல் வன்முறையையும் அதே பிரிவில் வைத்து, ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தண்டனை என்கிறது. பெண்ணுக்கு நடந்தால் கிடைக்கும் தண்டனையோடு இதை வைத்துப் பார்த்தால், சட்டத்தின் மனதிலும் ஓஸ்மா இன்னும் முழு ஆளாகவில்லை என்பது தெரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் செய்தது. 2021இல், ஒருவரை ஒருவர் காதலித்த, மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கு. இந்த விஷயத்தில் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரோடு அமர்ந்து பேசிக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகே தீர்ப்பெழுதினார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் காவலர்கள் தன்பாலின ஈர்ப்பாளர்களையும் திருநர்களையும் துன்புறுத்துவதைத் தடுக்கும் விதி வந்தது. யாரை எந்தச் சொல்லால் அழைப்பது என்ற சொல்தொகுதியை 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்டதும் அதனால்தான். ஊடகங்களும் அதைப் பின்பற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பதவியில் இருப்பவர் ‘எனக்குத் தெரியவில்லை, கற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்வது நம் ஊரில் எவ்வளவு அரிது!

இதையெல்லாம் சொன்னால் சிலர், ‘அப்போ இனிமேல் திருநங்கை வந்தாலே சிரிக்கக் கூடாதா?’ என்று கேட்கிறார்கள். யார் சொன்னது? ஜமாத்தில், அதாவது திருநங்கையர் சேர்ந்து வாழும் குழுவில், அவர்கள் தங்களுக்குள் கலாய்த்துக்கொள்வதை ஒருமுறை பக்கத்தில் இருந்து கேட்டால் தெரியும், அந்த வாய்க்கு முன்னால் நம் சினிமா காமெடியெல்லாம் நிற்காது. வாடகைக்கு வீடு தர மறுக்கும் வீட்டுக்காரரை, பகலில் திட்டிவிட்டு இரவில் வந்து நிற்கும் ஆணை அவர்கள் நடித்துக் காட்டுவார்கள். வயிறு வலிக்கச் சிரிக்கலாம். அந்தக் கேலியில் குறிவைக்கப்படுபவர் வேறு ஆள். அதை எழுதும் வாய்ப்பு இன்னும் அவர்களுக்கு வந்து சேரவில்லை. பெரிய படங்களின் நகைச்சுவைப் பகுதியை உட்கார்ந்து எழுதும் அறையில் ஒரு திருநங்கை இருந்திருந்தால், ஓஸ்மாவின் காட்சி அப்படி வந்திருக்காது. நிச்சயம் இதைவிடச் சிரிப்பாக வந்திருக்கும்.

கொஞ்ச நாள் முன்பு ஒரு விடுமுறை நாளில் தொலைக்காட்சியில் மறுபடி ‘ஐ’ ஓடியது. அக்கா வீட்டில் இருந்தேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் அவள் மகன் தரையில் படுத்துக்கொண்டு பார்த்தான். அந்தக் காட்சி வந்தது. நான் திரையைப் பார்க்காமல் அவனைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. சந்தானம் பேசி முடித்ததும், “இதுல எது மாமா ஜோக்?” என்று கேட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பள்ளியில் சொல்லித் தருகிறார்களா என்று கேட்டேன். “அதெல்லாம் இல்ல. எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான், நடை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அவனை எல்லாரும் ஒன்பதுன்னுதான் கூப்பிடுவாங்க” என்றான்.

நீயுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். “முன்னாடி கூப்பிட்டிருக்கேன் மாமா. அவன் இப்ப கிரவுண்டுக்கே வர்றதில்ல.”